வீட்டுக்கு எஸ்பிரஸ்ஸோ மெஷின்: வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

"வீட்டுக்கு ஒரு எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், நான் மெஷினைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. "காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர் இருக்கா?" என்றுதான் கேட்பேன். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை அது. பல வருஷமாக வீட்டிலேயே ஷாட் (ஒரு தடவை எடுக்கும் எஸ்பிரஸ்ஸோ) எடுத்துக் குடிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: சுமாரான மெஷினும் நல்ல கிரைண்டரும் சேர்ந்தால் திருப்தியான எஸ்பிரஸ்ஸோ கிடைக்கும். உயர்ந்த மெஷினும் மட்டமான கிரைண்டரும் சேர்ந்தால் கிடைக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு தொகையை ஒதுக்கினால், மூன்றில் ஒரு பங்காவது கிரைண்டருக்குப் போக வேண்டும். பாதியே போனாலும் தப்பில்லை.

காரணம் இதுதான். இன்று பரவலாகப் பின்பற்றும் கணக்குப்படி, சுமார் 18 கிராம் தூளின் வழியே 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் அளவுக்குக் காபி எடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டுவார்கள், குறைப்பார்கள், ஆனால் அடிப்படை இதுதான். இதில் 9 பார் அழுத்தத்தைப் பம்ப் கொடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பம்ப் தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். எதிர்த்து நிற்க ஏதாவது இருந்தால்தானே அழுத்தம் ஏறும்? அப்படி எதிர்த்து நிற்பது பாஸ்கெட்டில், அதாவது அடியில் ஓட்டை போட்ட சின்னக் கிண்ணத்தில், இருக்கும் தூள். தூள் கரடுமுரடாக இருந்தால், கூழாங்கல் குவியலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி எட்டு பத்து விநாடியில் எல்லாம் ஓடிப்போய்விடும். கோப்பையில் வெளிறிப்போய், நாக்கைச் சுருக்கும் புளிப்போடு ஒரு திரவம் நிற்கும். தூள் மிகவும் நைஸாகிவிட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து, தீய்ந்த கசப்பும் துவர்ப்புமாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. என் கிரைண்டரில் டயலை ஒரு கோட்டின் அகலம் நகர்த்தினாலே ஷாட் நாலைந்து விநாடி மாறிவிடும். அதனால்தான் கடையில் அரைத்து விற்கும் தூள் இதற்குச் சரிப்படாது. அந்த அரைப்பு உங்கள் மெஷினுக்கும் உங்கள் பாஸ்கெட்டுக்கும் பொருந்துவது அதிர்ஷ்டம். பொருந்தினாலும், பையைத் திறந்த பிறகு தூளின் மணம் மளமளவென்று இறங்கிவிடும். மிக்ஸி மாதிரி பிளேடு சுழலும் கிரைண்டர்களும் வேண்டாம். ஒரே அரைப்பில் மாவும் இருக்கும், நொய்யும் இருக்கும். தண்ணீர் நொய் இருக்கும் பக்கமாக வழி பிடித்துப் பாய்ந்துவிடும், மாவு இருக்கும் பக்கம் கசந்துகொண்டிருக்கும். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும். அதிலும் எஸ்பிரஸ்ஸோவுக்கான நைஸ் அரைப்பில் நுணுக்கமாகத் திருப்பிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது படி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அதில் எஸ்பிரஸ்ஸோவுக்கு உதவுவது இரண்டோ மூன்றோ படியாக இருக்கும். அப்படியென்றால் ஒரு படியில் ஷாட் 18 விநாடி, அடுத்த படியில் 40 விநாடி. நடுவில் நிற்க இடமே இல்லை.

கையைச் சுழற்றி அரைக்கும் கிரைண்டர்களை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அதே பணத்துக்குக் கிடைக்கும் மின்சாரக் கிரைண்டரைவிடப் பல சமயம் அவை சீராக அரைக்கும், ஏனென்றால் மோட்டாருக்குப் போகும் பணமும் பற்சக்கரத்துக்கே போகிறது. இளம் வறுவல் கொட்டை என்றால் மட்டும் தோள்பட்டை நன்றாகவே உணரும். காலையில் நாலு பேருக்கு அரைக்க வேண்டிய வீட்டுக்கு அது வேலைக்காகாது.

சரி, கிரைண்டரே வேண்டாம், தூள் வாங்கித்தான் போடப்போகிறேன் என்பவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. தொடக்கநிலை மெஷின்கள் பலவற்றில் இரட்டைச் சுவர் பாஸ்கெட் ஒன்று கொடுப்பார்கள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் நிறைய ஓட்டைகள் தெரியும், வெளியே அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். தூள் செய்ய வேண்டிய எதிர்ப்பு வேலையை அந்த ஒற்றை ஓட்டை செய்கிறது. அதன் வழியே பீய்ச்சி அடிக்கும்போது காற்றும் கலந்து மேலே நுரை கட்டும். பார்க்கக் கிரெமா (நல்ல எஸ்பிரஸ்ஸோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரை) மாதிரியே இருக்கும், ஆனால் பெரிய குமிழிகளாக இருந்து சீக்கிரம் அடங்கிவிடும். சுவை தட்டையாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் எப்படிப்பட்ட தூளைப் போட்டாலும் ஒரே மாதிரி வரும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு அது போதும் என்றால் போதும்தான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. அந்தப் பாஸ்கெட் மட்டுமே பொருந்தும் மெஷினை வாங்காதீர்கள். பின்னால் கிரைண்டர் வாங்க ஆசை வந்தால் சாதாரண ஒற்றைச் சுவர் பாஸ்கெட் மாட்ட வழி இருக்க வேண்டும். பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரின் விட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்களிலும் வீட்டு மெஷின்கள் பலவற்றிலும் 58 மில்லிமீட்டர். சிலவற்றில் 54, சிலவற்றில் 51. சின்ன விட்டத்தில் நல்ல காபி வராது என்பதெல்லாம் இல்லை. ஆனால் 58 என்றால் பாஸ்கெட், தூளை அழுத்தும் டாம்பர் என்று எது வேண்டுமானாலும் எந்தக் கம்பெனியிலும் கிடைக்கும். மற்ற அளவுகளில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 15 பார், 20 பார் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பதற்கான கணக்கு. தூளுக்கு வேண்டியது 9 பார்தான். நல்ல மெஷின்களில் அதற்கு மேல் போனால் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ஒரு வால்வு இருக்கும், ஓபிவி என்பார்கள். அது இருக்கிறதா, எத்தனை பாரில் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. இந்த 9 பாருக்கு ஒரு கதை உண்டு. 1901இல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை வாங்கிய மெஷின் நீராவியின் அழுத்தத்தை மட்டும் நம்பியது. அதில் ஒன்றரை பார் வந்தால் பெரிது, மேலே நுரையும் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அகில்லே காஜியா நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து வெந்நீரை அழுத்தித் தள்ளியபோதுதான் அழுத்தம் பல மடங்கு ஏறி, கோப்பையின் மேல் கிரெமா வந்தது. 1961இல் ஃபாயெமா கம்பெனியின் இ61 மெஷினில் நெம்புகோலின் இடத்தை மின்சாரப் பம்ப் பிடித்துக்கொண்டது. அந்த இ61 தலையமைப்பை, அதாவது போர்ட்டாஃபில்டர் மாட்டும், தூளின் மேல் தண்ணீர் இறங்கும் பாகத்தை, இன்றும் வீட்டு மெஷின்களில் அப்படியே வைத்து விற்கிறார்கள். அதைப் பற்றி அப்புறம் ஒரு புகார் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்விதான் மெஷினின் வகையையே தீர்மானிக்கும்: வீட்டில் யார், எந்த நேரத்தில், என்ன குடிக்கிறார்கள்? எங்கள் வீட்டில் நான் கறுப்பாகக் குடிப்பவள். வீட்டுக்காரருக்குப் பால் இல்லாமல் தொண்டையில் இறங்காது. விருந்தாளி வந்தால் எல்லோரும் கேப்புச்சினோதான் கேட்பார்கள். இந்த மூன்றும் மெஷினிடம் மூன்று வேறு விஷயங்களைக் கேட்கின்றன.

ஷாட் எடுக்கத் தண்ணீர் 93 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பாலை நுரைக்க நீராவி வேண்டும், அதற்குப் பாய்லர் 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஒற்றைப் பாய்லர் மெஷினில் இரண்டையும் ஒரே பாத்திரம்தான் செய்ய வேண்டும். முதலில் ஷாட், பிறகு ஸ்டீம் பொத்தான், ஒரு நிமிடம் போலக் காத்திருப்பு, பிறகு பால். அடுத்தவருக்கு இன்னொரு ஷாட் வேண்டுமானால் பாய்லரைத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் காபி தீய்ந்துவிடும். நான் நீண்ட காலம் இப்படி ஒரு மெஷினோடுதான் குடும்பம் நடத்தினேன். இரண்டு ஷாட்டையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒரே தடவையாகப் பாலை நுரைப்பது என்று ஒரு ஒழுங்கு பிடிபட்டதும் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஆனால் நாலு விருந்தாளிக்குக் கேப்புச்சினோ போட்ட அன்று முதல் ஆள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவியும் வைத்துவிட்டார், நாலாவது ஆளுக்கு இன்னும் பால் ஏறவில்லை. "நாங்க வேணா டீ குடிச்சுக்கறோமே" என்றார் ஒருவர், ரொம்ப மரியாதையாக.

தெர்மோபிளாக் என்ற வகை வேறு மாதிரி. அதில் பாத்திரம் நிறையத் தண்ணீர் நிற்காது, சூடான உலோகக் கட்டியின் உள்ளே இருக்கும் குறுகலான பாதையில் ஓடும்போதே தண்ணீர் சூடாகும். பொத்தானை அழுத்திய சில விநாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ தயார். ஷாட்டிலிருந்து நீராவிக்கும் சட்டென்று மாறும். முன்பெல்லாம் இவற்றில் சூடு நிலையாக நிற்காது என்ற குறை இருந்தது, இப்போது வருகிறவற்றில் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு வந்துவிட்டதால் அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நீராவியின் வேகம் மட்டும் பெரிய பாய்லருக்கு ஈடாகாது. தினமும் ஒன்றிரண்டு கோப்பை, அதிலும் அவசரம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அதற்கு மேலே இருப்பவை ஹீட் எக்ஸ்சேஞ்சரும் இரட்டைப் பாய்லரும். முதலாவதில் நீராவிப் பாய்லருக்கு உள்ளேயே ஒரு குழாய் போகும், காபிக்கான தண்ணீர் அதன் வழியே ஓடிச் சூடாகும். ஷாட்டையும் பாலையும் ஒரே நேரத்தில் செய்யலாம். சும்மா நின்றிருந்தால் குழாயில் இருக்கும் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும், அதனால் ஷாட்டுக்கு முன் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். எவ்வளவு கொட்டுவது என்பது கைப்பழக்கம். இரட்டைப் பாய்லரில் இந்த ஊகமெல்லாம் இல்லை, காபிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று. விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். பால் கலந்த கோப்பைகள் வரிசையாகப் போகும் வீட்டுக்கு மட்டுமே இவை நியாயம். கறுப்பாக மட்டும் குடிப்பவர் இரட்டைப் பாய்லர் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பாய்லர் சும்மா கிடந்து மின்சாரத்தைக் குடிக்கிறது.

இப்போது அந்தப் புகார். இ61 தலையமைப்பு சுமார் நாலு கிலோ பித்தளை. அது முழுக்கச் சூடாகி நிலைபெற 25, 30 நிமிடம் ஆகும். பாய்லர் தயார் என்று விளக்கு பத்து நிமிடத்திலேயே எரிந்துவிடும், ஆனால் தலையமைப்பைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், முதல் ஷாட் புளிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இது சுகமான மெஷின். அலாரத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டு எழுந்திருக்கும் வேலை நாளுக்கு ஒத்துவராது. "இன்னுமா சூடாகலை?" என்ற கேள்வியைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தேன். நேரம் குறித்து வைத்தால் தானே இயங்கும் ஸ்மார்ட் பிளக் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ஆன் செய்ய மின்னணுப் பொத்தான் இருக்கும் மெஷின்களில் மின்சாரம் வந்தாலும் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். டக்கென்று கீழே தட்டும் பழைய பாணி சுவிட்ச் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். பிளக் அந்த மெஷினின் வாட்டைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும், வீட்டு மெஷின்களே 1,000 முதல் 1,500 வாட் வரை, சில அதற்கு மேலும் இழுக்கும்.

நீராவிக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பாலுக்காகவே மெஷின் வாங்குபவர்கள்தான் அதிகம். தொடக்கநிலை மெஷின்களில் குழாயின் மேல் ஒரு உறை மாட்டியிருக்கும். அது பக்கவாட்டு ஓட்டை வழியே தானே காற்றை இழுத்துக்கொள்ளும். பாலில் முக்கிப் பிடித்தால் போதும், பொங்கிக்கொண்டு நுரை வரும். ஆனால் சோப்பு நுரை மாதிரி நிற்கும், காபியோடு கலக்காது. உறை இல்லாத வெறும் குழாயில்தான் பளபளவென்று பெயின்ட் மாதிரி வழியும் பால் கிடைக்கும். சில மெஷின்களில் உறையைக் கழற்றிவிடலாம், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறை இதுதான். குளிர்ந்த பால், ஜக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. நீராவியைத் திறந்து முதலில் வரும் தண்ணீரைத் துணியில் விட்டுவிட்டு, குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, நடுவில் இல்லாமல் ஓரமாகப் பிடிக்க வேண்டும். காகிதம் கிழிவது மாதிரி சன்னமான சத்தம் கேட்டால் காற்று சரியாகப் போகிறது. பால் கைச்சூட்டுக்கு வந்ததும் நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்க வேண்டும். சத்தம் அடங்கும், பால் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சியில்தான் பெரிய குமிழிகள் உடைந்து மறையும். உள்ளங்கையை ஜக்கில் வைத்திருங்கள். தொட முடியாத அளவுக்குச் சுடத் தொடங்கியதும் நிறுத்தினால் 60, 65 டிகிரி பக்கம் இருக்கும். 70ஐத் தாண்டினால் பாலின் இனிப்புப் போய்க் காய்ச்சிய வாடை வந்துவிடும். உடனே ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, ஒரு நொடி நீராவி விட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் குழாயின் உள்ளே ஏறிய பால் காய்ந்து ஓட்டையை அடைக்கும், நாற்றமும் அடிக்கும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பூ வரைந்த கோப்பையை அந்த மெஷினிலேயே போட்டார்களா என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

இதெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்று தோன்றினால், பொத்தானை அழுத்தினால் கொட்டையை அரைத்து, அழுத்தி, காபி எடுத்து, சக்கையையும் தானே தள்ளிவிடும் முழுத் தானியங்கி மெஷின் இருக்கிறது. காபி ஆர்வலர்கள் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோப்பையின் உச்சம் கொஞ்சம் தாழ்வுதான், ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரும், பெரியவர்கள் உட்பட, யாரையும் கூப்பிடாமல் தாங்களே போட்டுக் குடிக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை. வாங்கும்போது காபி எடுக்கும் உள்பாகத்தைக் கையால் கழற்றிக் குழாயடியில் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாதவற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சணமும் உள்ளேயே இருக்கும், சோப்பு வில்லையை நம்பித்தான் இருக்க வேண்டும். பால் போகும் குழாயையும் தினமும் கழுவ வேண்டும், அதைச் செய்ய மனமில்லாதவர்கள் வெறும் காபி மட்டும் தரும் மாடலை வாங்கிப் பாலைத் தனியாக நுரைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் மினுமினுக்கும் கருவறுவல் கொட்டை இந்த மெஷின்களின் கிரைண்டருக்கு ஆகாது, ஒட்டிக்கொண்டு இறங்காது.

தூள் அடைத்த சின்னக் குப்பியைப் போட்டுக் காபி எடுக்கும் கேப்சூல் மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. நெஸ்பிரஸ்ஸோ 1986இல் சந்தைக்கு வந்ததிலிருந்து அதன் பலம் மாறவே இல்லை: சுத்தம், வேகம், ஒரே மாதிரிச் சுவை. ஒரு கேப்சூலில் ஐந்தாறு கிராம் தூள்தான் இருக்கும், 18 கிராம் போட்ட ஷாட்டின் கனத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. மெஷின் மலிவு, கேப்சூல் காலத்துக்கும் செலவு. ஒரு வருஷத்துக்கு எத்தனை கோப்பை என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தனி ஆள், கறுப்பாக மட்டும் குடிப்பவர் என்றால் பம்ப்பே இல்லாத கை நெம்புகோல் கருவிகளைப் பார்க்கச் சொல்வேன். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, கையால் அழுத்தினால் ஆயிற்று. மின்சாரம் இல்லை, பாய்லர் இல்லை, பழுதாக ஒன்றிரண்டு ரப்பர் வளையம்தான். கை அழுத்தத்திலேயே 9 பாரைத் தொடலாம். நல்ல கிரைண்டரோடு சேர்ந்தால் பெரிய மெஷின்களையே வெட்கப்பட வைக்கும். அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரம், 1933இல் அல்ஃபோன்ஸோ பியலெத்தி கொண்டுவந்தது, இன்னும் எளிது. ஒன்றிரண்டு பார் அழுத்தம்தான் என்பதால் எஸ்பிரஸ்ஸோ என்று சொல்ல முடியாது. ஆனால் பாலோடு குடிக்கத் திடமான காபி போதும் என்றால், மெஷின் வாங்கும் யோசனையையே ஒரு வருஷம் ஒத்திப்போட வைக்கும்.

மெஷினைக் கொல்வது எது என்று கேட்டால், உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூட்டில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். தெரிந்தவர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷினைத் திறந்து பார்க்கும்போது கூட இருந்தேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே ஹீட்டர் சுருளைச் சுற்றி முட்டை ஓட்டை விடத் தடிமனாக வெள்ளைப் பொருக்கு. ஸ்பூனால் தட்டியபோது ஏடு ஏடாக விழுந்தது. அடியில் துண்டு துண்டாகக் கிடந்தது, அதில் ஒன்று போய் வால்வில் சிக்கியதால்தான் தண்ணீர் வராமல் நின்றிருக்கிறது. கெட்டிலின் அடியில் வெள்ளை படிகிற வீடு என்றால் அந்தத் தண்ணீரை மெஷினில் ஊற்றாதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் போடும் மென்மையாக்கும் வடிகட்டி கிடைக்கிறது, உப்புக் குறைந்த பாட்டில் தண்ணீரையும் பயன்படுத்தலாம்.

அதற்காக உப்பே இல்லாத தண்ணீரும் வேண்டாம். ஆர்ஓ வடிகட்டியில் எல்லா உப்பையும் எடுத்துவிட்டால் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மின்னோட்டத்தை வைத்துத்தான் சென்சார் கண்டுபிடிக்கும். உப்பில்லாத தண்ணீரில் மின்னோட்டம் சரியாகப் பாயாது, நிறைந்த பாய்லரைக் காலி என்று நினைத்து மேலும் மேலும் நிரப்பும். ஆர்ஓ தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றுவது எளிய வழி. உப்பு நீக்கும் மருந்து விடுவதைப் பற்றி மெஷினோடு வரும் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள். பாய்லர் அலுமினியமா, பித்தளையா, எஃகா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். சில இரட்டைப் பாய்லர் மெஷின்களை வீட்டில் உப்பு நீக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

இதோடு சேர்ந்தது உதிரிபாகம். போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் காலப்போக்கில் இறுகி விரிசல் விடும், ஓரத்தில் கசியும். சின்னஞ்சிறு பொருள், கையாலேயே மாற்றிவிடலாம், கிடைத்தால். கிடைக்காவிட்டால் மொத்த மெஷினும் ஓரமாகக் கிடக்கும். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்றவை 1990களிலிருந்து வடிவம் பெரிதாக மாறாமல் வருவதால் அவற்றின் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, பழுது பார்க்கும் முறையையும் யாராவது விளக்கியிருப்பார்கள். வாங்க நினைக்கும் மாடலின் பெயரோடு "கேஸ்கெட்" என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் யோசியுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுத்து வருவதாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 110 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு முடிந்தது, இத்தனை வாட் இழுக்கும் பொருளுக்கு ஏற்ற மாற்றி பெரிதாகவும் கனமாகவும் இருக்கும்.

டேப் எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் மெஷின் நுழைவது மட்டும் போதாது, தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் இடம் வேண்டும். நீங்கள் குடிக்கும் கோப்பை குழாய்க்கு அடியில் நிற்குமா? போர்ட்டாஃபில்டரை இடது வலமாகத் திருகி மாட்டும்போது மெஷின் நகராத அளவுக்குக் கனமாக இருக்கிறதா? இலகுவான மெஷினை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும், தினமும் அது எரிச்சல். அதிர்வுப் பம்ப்பின் உறுமல் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும், கிரைண்டரின் சத்தம் அதைவிட மோசம். ஷாட் முடிந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் மூவழி வால்வு இருந்தால் சக்கை காய்ந்த வில்லையாகத் தட்டினால் விழும். அது இல்லாத மெஷினில் அவசரப்பட்டு போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் சூடான காபிச் சேறு முகத்தில் தெறிக்கும், ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

கூட வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். 0.1 கிராம் வரை காட்டும் தராசு அவசியம். ஷாட்டை மில்லிலிட்டரில் அளந்தால் கிரெமா ஏமாற்றிவிடும். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டாம்பர் பாஸ்கெட்டை விடச் சின்னதாக இருந்து ஓரத்தில் தூள் அழுந்தாமல் விட்டுவிடும், விட்டத்துக்குப் பொருந்தும் உலோக டாம்பர் ஒன்று. தூளில் இருக்கும் கட்டிகளை உடைக்க மெல்லிய ஊசிகள் பொருத்திய கருவி விற்கிறார்கள், ஒரு பழைய கார்க்கில் நாலைந்து மெல்லிய ஊசிகளைச் செருகினாலும் அதே வேலைதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

மெஷின் வந்து சேர்ந்த முதல் வாரத்துக்கு ஒரே வகைக் கொட்டையை ஒரு கிலோவாக வாங்கி வையுங்கள். வறுத்த தேதி போட்ட பையாக இருக்கட்டும், வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருந்தால் உத்தமம். அதற்கு முன் கொட்டையில் இருக்கும் கரியமில வாயு ஷாட்டைக் குலைக்கும், ஒரு மாதத்துக்கு மேல் போனால் மணம் குறையும். நடு வறுவலில் தொடங்குங்கள், இளம் வறுவல் புது ஆளைப் பாடாய்ப் படுத்தும். தூள் 18 கிராம், கோப்பையில் 36 கிராம், இந்த இரண்டையும் மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். 20 விநாடிக்கு முன்பே முடிந்துவிட்டால் இன்னும் நைஸாக, 35ஐத் தாண்டினால் கொஞ்சம் கரடாக. இடையில் வந்துவிட்டால் கடிகாரத்தை விட்டுவிட்டு நாக்கைக் கேளுங்கள். புளித்தால் ஒரு கோடு நைஸாக, கசந்தால் ஒரு கோடு கரடாக. அந்த ஒரு கிலோ தீர்வதற்குள் கை பழகிவிடும். அடுத்த பை வேறு கொட்டை என்றால் டயலை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும், மூன்று நாலு ஷாட் வீணாகும். அதற்கும் சேர்த்தே கொட்டை வாங்குங்கள்.